ஓரம் அடிக்காத சிவப்புப் பாவாடை

அப்பா,

தேன்மெழுகு வாசனைதான் முதலில் வந்தது. பாவாடையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. கிள்ளானில் உங்கள் வீட்டைக் காலி செய்து பூச்சோங்கில் என் வீட்டுக்கு ஏற்றி வந்த சாமான்களில், உங்கள் பட்டறைப் பை ஒன்றுதான் பிரிக்காமல் கிடந்தது. பிரிக்க மனம் வரவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் பயமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் திறந்தேன். உங்கள் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்திருந்தாள். ஆண்டு விழாவில் கோலாட்டமாம். சிவப்புப் பாவாடை, இடுப்பில் எலாஸ்டிக், பெற்றோரே தைத்து அனுப்ப வேண்டும். வீட்டுக் கத்தரிக்கோல் காய்கறி வெட்டி மழுங்கிவிட்டது. உங்களுடையது மழுங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

பையைத் திறந்ததும் அந்த வாசனை. ரயில் பெட்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் நூலை நீங்கள் மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்து எடுப்பீர்களே, அது. கத்தரிக்கோல் இருந்தது. வளைஊசி பழைய தோல் துண்டில் குத்தியிருந்தது. அடியில், பட்டறைச் சட்டைக்குள் சுற்றி, ஓரம் அடிக்காத அந்தச் சிவப்புப் பாவாடை. அதை எப்போதோ கிழித்துத் துடைக்கும் துணியாக்கிவிட்டீர்கள் என்றுதான் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா இறந்து எட்டாவது மாதம் அது. எனக்கு எட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் இரண்டே பேர். இதேபோல் ஒரு தாளைத்தான் நானும் கொண்டுவந்தேன். நீங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து அத்தை வந்திருந்தார். தாளைப் பறிக்காத குறையாக வாங்கிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது? அவளுக்கு வருஷம் திரும்பல. அதுக்குள்ள செவப்பு கட்டி மேடையில ஆட விடப்போறியா? ஊரு என்னா பேசும்?"

நீங்கள் உங்கள் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "போனவளுக்கு இனிமே எத்தன வருஷம் வேணும்னாலும் இருக்குக்கா. இந்தப் புள்ளைக்கு எட்டு வயசு ஒரு தடவதான் வரும்" என்றீர்கள். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ் ஏறினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, ஆடப்போகிறேன் என்று குதித்தேன். நீங்கள் என்ன விலை கொடுத்து அந்த ஆட்டத்தை எனக்கு வாங்கித் தந்தீர்கள் என்று புரிகிற வயதா அது?

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தாங்கள் தைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நீங்கள் மறுத்துவிட்டீர்கள். தாயில்லாப் பிள்ளைக்கு ஊரே சேர்ந்து தைத்துப் போட்டது என்ற பேச்சு என் காதில் விழக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம். "ஒரு நாளைக்கு நாப்பது சீட்டு தைக்கிறேன். ஒரு பாவாட தைக்க மாட்டேனா?" என்று என்னிடம் கேட்டீர்கள். அம்மாவின் கைமெஷின் முன்னறை மூலையில், அவரே பூ வேலை செய்த தலையணை உறை போர்த்தி இருந்தது. எட்டு மாதமாக நீங்களும் நானும் அதைச் சுற்றித்தான் நடந்தோம். அன்றும் அதை நீங்கள் திறக்கவில்லை. பட்டறையிலிருந்து ஊசியையும் நூலையும் கொண்டுவந்தீர்கள்.

அளவு நாடாவும் இல்லை. சணல் கயிற்றை என் இடுப்பில் சுற்றி ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிடித்து இன்னொரு முடிச்சு. "மூச்சு விடும்மா, நீ சீட்டு இல்ல, புள்ள" என்று சிரித்தீர்கள். அப்படிச் சொன்ன நீங்களே கடைசியில் இருக்கைக்குத் தைப்பதுபோல்தான் தைத்தீர்கள் என்பது வேறு கதை. வழவழவென்ற சிவப்பு சாட்டின். அதற்கு உள்ளே தடித்த காடாத் துணி. "உள்துணி இல்லாம எதுவும் நிக்காதும்மா." கீழ் ஓரத்தில், இருக்கை விளிம்பில் வைப்பதுபோல் கயிறு வைத்துப் பைப்பிங். மூன்று நாள், பட்டறை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து தைத்தீர்கள். முடித்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினீர்கள். "ரெண்டு ஆளு இழுத்தாலும் பிரியாது." அந்த முகத்தில் இருந்த பெருமையை அம்மா இறந்த பிறகு அன்றுதான் பார்த்தேன்.

மேடையில் எட்டுப் பேர். முதல் இரண்டு அடி சரியாகத்தான் போனது. மூன்றாவது அடியில் எல்லாரும் கோலைத் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மற்ற ஏழு பாவாடையும் காற்று வாங்கி விரிந்து எழுந்தன. என்னுடையது எழவில்லை. மொத்தமாக ஒரு பக்கம் போய், நான் நின்ற பிறகும் நிற்காமல் திரும்பி வந்து காலில் மோதியது. நான் தடுமாறி ஒரு கோலை விட்டேன். அது உருண்டு மேடையை விட்டு விழுந்தது. முன் வரிசையில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்புதான். எட்டு வயதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒற்றைக் கோலோடு மீதியை ஆடி முடித்தேன்.

திரும்பி வரும் வழியில் கடையில் உட்காரவைத்து, சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தீர்கள். "நல்லாத்தானேம்மா ஆடுன" என்றீர்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்று அது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரிந்தது.

"அம்மா இருந்திருந்தா ஒழுங்கா தச்சிருப்பாங்க."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். என் வாயோரத்தில் வழிந்த சிவப்புப் பாகைக் கைக்குட்டையால் துடைத்தீர்கள். "ஆமாம்மா" என்றீர்கள். கோபப்பட்டு ஓர் அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அந்த "ஆமாம்மா"வோடுதான் இத்தனை காலம் குடித்தனம் செய்கிறேன்.

மறுவாரம் அந்தப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தையற்கடைக்குப் போனீர்கள். வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னா லா அண்ணே, டிரெய்ன் சீட்டு எந்திரிச்சு ஆடாது. புள்ள ஆடும்" என்றாராம். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை. அவரிடமே குடைப் பாவாடை வெட்டுவது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, புதிதாக சாட்டினும் வாங்கி வந்திருந்தீர்கள். விழா முடிந்துபோய்விட்டது. இனி அந்தப் பாவாடைக்கு ஒரு மேடையும் இல்லை. ஆனாலும் தைக்க வேண்டும் என்று உங்களுக்கு இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு மதியம் நான் விளையாடிவிட்டு உள்ளே வந்தேன். மெஷின் சத்தம் கேட்டது. அந்த ஒரு கணம், ஒரே ஒரு கணம், அம்மா என்று நினைத்துவிட்டேன் அப்பா. இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. செருப்பைக் கழற்றாமல் ஓடி வந்தேன். நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பூ வேலை செய்த உறை மடித்துப் பக்கத்தில் இருந்தது. பெரிய கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து, "பாரும்மா, இது விரியும்" என்றீர்கள்.

"அம்மா மெஷின ஏன் தொட்டீங்க?" என்று கத்தினேன். எனக்கு அந்தப் பாவாடை வேண்டாம், போடவே மாட்டேன், மெஷினை மூடுங்கள் என்று கத்தினேன். குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சரிம்மா. மூடிடுறேன்."

மூடினீர்கள். பாவாடை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. எலாஸ்டிக் போட்டாகிவிட்டது, கீழ் ஓரம் மட்டும் பாக்கி. அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினீர்கள். "குடைப் பாவாடைய ஒடனே ஓரம் அடிக்கக்கூடாதாம். ஒரு நாளு தொங்கணுமாம். துணி அது பாரத்துல எறங்கி நின்ன பொறவுதான் அடிக்கணும்னு கடக்காரரு சொன்னாரு" என்று, கோபமாக நிற்கிற பிள்ளையிடம் சமாதானமாகச் சொன்னீர்கள். ஒரு நாள் தொங்கியது. ஒரு வாரம் தொங்கியது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். நான் வந்து, சரிப்பா, அடிங்க என்று சொல்வேன் என்று காத்திருந்தீர்கள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் ஆணி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே கடையில் வாங்கிய துணிதான். என் கல்யாணத்துக்கு மறுநாள் அந்த மெஷினைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றினீர்கள். "அம்மாவோடது. அதுக்கப்பறம் நான் தொடலம்மா" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள், வேன் புறப்பட அவசரப்படுத்துகிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாத நேரத்தில் நீளும் வாய் வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

அத்தை நேற்று போன் செய்தார். எண்பதை நெருங்குகிறார், குரல் மட்டும் இன்னும் கிள்ளானிலிருந்து போன் இல்லாமலே கேட்கும். "தாத்தாவுக்கு வருஷம் திரும்பல. அதுக்குள்ள அந்தப் புள்ளைய ஆட விடப்போறியாமே?" என்றார். நான் உங்கள் பதிலை அப்படியே சொன்னேன். ஏழு வயது ஒரு தடவைதான் வரும் என்றேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒங்கப்பன் மாதிரியே பேசுற" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று கேட்கவில்லை.

பாவாடையை ஒரு வாரம் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தேன், அப்பா. மடிப்பெல்லாம் போய்த் துணி இறங்கி நின்றது. வெட்டியபோது சமமாக இருந்த ஓரம் இப்போது ஏறியும் இறங்கியும் இருக்கிறது. கடைக்காரர் சொன்னது சரிதான். இன்று காலை உங்கள் பேத்தியை முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். பைக்குள் சணல் கயிறும் இருந்தது, இரண்டு முடிச்சோடு. இடுப்பு முடிச்சு அவளுக்குச் சரியாக வந்தது. நீள முடிச்சுதான் மூன்று விரல் கீழே போனது. அன்றைய என்னைவிட அவள் குட்டை. அவள் கணுக்காலுக்கு அளந்து, ஏறி இறங்கிய ஓரத்தை உங்கள் கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டினேன். எலாஸ்டிக் மட்டும் விட்டுப்போயிருந்தது, ஊக்கில் கோத்துப் புதிதாக மாற்றினேன். ஓரத்தை மெஷினில் அடித்தால் கால் மணி நேரம். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. உங்கள் நூலை மெழுகில் இழுத்து, வளைஊசியில் கோத்து, கையாலேயே சுற்றிலும் தைத்தேன். குடைப் பாவாடையின் ஓரம் எவ்வளவு நீளம் என்று தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மூன்று இடத்தில் விரலில் குத்திக்கொண்டேன்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் போனாள். "யாரும்மா தச்சது?"

"தாத்தா."

"தாத்தா டிரெய்ன் சீட்டுதானே தைப்பாரு?"

"சுத்திப் பாரு" என்றேன்.

சுற்றினாள். முதல் சுற்றிலேயே எழுந்தது அப்பா. எங்கும் தூக்காமல், எங்கும் தொங்காமல், அவளைச் சுற்றி ஒரே மட்டமாக விரிந்து நின்றது. அவள் நின்றதும் அடங்கிக் காலைச் சுற்றி விழுந்தது. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நல்லா இல்லையாம்மா?" என்று பயந்து கேட்டாள்.

உங்கள் வளைஊசியை அம்மாவின் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இனி அது அங்கேதான் இருக்கும். அன்று ஐஸ் கச்சாங் கடையில் நான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு உங்கள் ஆயுள் முழுக்க நேரம் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இன்று, கேட்க நீங்கள் இல்லாத வீட்டில், அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. பாட்டி தச்சிருந்தாலும் இவ்வளவுதான் நல்லா வந்திருக்கும்."