மூன்றாம் ஓலையும் உள்குறிப்பும்

1-5-2016, ஞாயிறு

காலை ஏழுக்கே வெயில் முதுகில் அறைகிறது. ஓட்டுக் கேட்கும் வேன் தெருவில் மூன்று தரம். மாடியில் தோல் உரிக்காத மல்லாட்டை காய்கிறது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்த வரும்போதெல்லாம் அதையே பார்க்கிறாள். அளந்து வைத்திருக்கிறேன்.

இன்று முதல் கல்யாண ஓலை. முகையூர் கோயிலிலும் விழுப்புரம் கோயிலிலும் பூசையில் வாசித்திருப்பார்கள். முகையூர் தெரேஸ் மகள் ஜெனிட்டா, விழுப்புரம் ரயில்வே டி குரூஸ் வீட்டு மூத்த மகன் ஆண்ட்ரு. தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும். இப்படி மூன்று ஞாயிறு. தாண்டினால் 25ஆம் தேதி கல்யாணம். நான் பார்த்து வைத்த வரன்.

தெரேஸ் என் படி ஏறி வந்ததே பெரிது. 1993ல் அவள் கல்யாணத்தையும் நான்தான் முடித்தேன். முதல் பந்தி. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வடை வைத்தாகிவிட்டது. அவள் அம்மா வந்து, "தரகுக்காரி அப்பறம் சாப்பிடலாம், மாப்புள ஊட்டுக்காரங்க உக்காரட்டும், எழுந்திரு" என்றாள். எழுந்தேன். மணப்பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. வடை நல்ல சிவப்பு. இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

4-5-2016, புதன்

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. பால்காரி தண்ணீர் கலக்கவில்லை என்று தானாகச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

மருமகள் பிலோமினா காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன். அவள் பி.சி.ஏ. படித்தவள். என் பன்னிரண்டு நோட்டையும் போன வருடம் அதில் ஏற்றினாள். பெயர், வயது, ஊர், படிப்பு, வேலை. இப்போது ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் வரன் தேடுகிறார்கள். நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை. நோட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் சாவி என் இடுப்பில். இதற்குச் சாவி எங்கே என்றால், "பாஸ்வேர்டு இருக்கு அத்த" என்கிறாள். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? அவளுக்கு. இன்டர்நெட்டில் இடம் வாங்கித் தந்த அவள் தம்பி ராபர்ட்டுக்கு. என் நோட்டு, எனக்குத் தெரியாது.

டி குரூஸ் வீட்டிலிருந்து போன். அவர்கள் பெயரை இங்கிலீஷில் அடித்துத் தேடினால் பக்கம் உடைந்து ஏதேதோ எழுத்து வருகிறதாம். பெயர் நடுவில் டி எழுத்துக்குப் பிறகு மேலே ஒரு கொக்கி (D'Cruz) இருக்கிறதே, அதனால் என்றாள் பிலோமினா. "அப்பறம் பாத்துக்கலாம் அத்த."

8-5-2016, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வெயில். தூக்கம் இல்லை. கேப்பைக் கூழ் புளித்துவிட்டது, குடித்தேன்.

9-5-2016, திங்கள்

பத்து மணி பஸ்ஸில் தெரேஸ் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, மூணாவது ஓல வாசிக்க வேணாம்னு மாப்புள ஊட்டுல சாமியார்கிட்ட சொல்லிட்டாங்க. எங்க வம்சத்துல புத்தி பேதலிப்பு இருக்குதாம். எங்கக்கா அமலியச் சொல்றாங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, தெரியும், அவ்ளோதான்னு போன வச்சிட்டாங்க."

"ஜெனிட்டா?"

"வெளிய வர மாட்டேங்குறா. ரெண்டு ஓல வாசிச்சு நின்னு போனா, அப்பறம் எவன் அக்கா வருவான்? யார் கெளப்பி உட்டதுன்னு நீங்கதான் கண்டுபுடிச்சிக் குடுக்கணும். உங்களுக்குத் தெரியாத ஊடா?"

மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை. போய்விட்டாள்.

புத்தி பேதலிப்பு. வம்சத்தில் உண்டு. அந்த வார்த்தை அப்படியே என் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டம் உள்குறிப்பு. குடிகாரனா, முதல் சம்பந்தம் ஏன் முறிந்தது, எல்லாம் என் கண்ணுக்கு மட்டும். முதல் நோட்டில் தெரேஸ் குடும்பத்துக்கு நேராக, 1993ல், என் கையால் எழுதியது. டிரங்குப் பெட்டி பூட்டியபடியே இருக்கிறது. திறந்து பார்த்தேன். பன்னிரண்டும் இருக்கின்றன. தூசி கலையவில்லை.

மருமகள் பி.யைக் கூப்பிட்டேன். "கடசிக் கட்டத்தையும் ஏத்திட்டியா?"

"நீங்கதானே ஒரு வரி உடாம ஏத்துன்னீங்க. அது வெளிய தெரியாது அத்த. தனியா வச்சிருக்கேன்."

தனியாக வைத்தது எப்படி விழுப்புரம் போயிற்று?

10-5-2016, செவ்வாய்

யார்?

பி.யின் தம்பி ராபர்ட். பாஸ்வேர்டு தெரிந்தவன். அவன் கல்யாணத்தில் எனக்குப் புடவை எடுக்கவில்லை, கேட்டால் மறந்துவிட்டதாம்.
பி. மதியம் மாடிக்குப் போய் போனில் பேசுகிறாள். மெதுவாக.
விழுப்புரம் தரகர் சூசைநாதன். 1998ல் என் வரனைப் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கியவன்.
பக்கத்து வீட்டுக்காரி. படிக்கத் தெரியாது. ஆனாலும்.

பி.யிடம் நேராகக் கேட்டேன். முகம் சிவந்தது.

"எந்தம்பி எதுக்கு உங்க நோட்டப் படிக்கப் போறான்? போன மாசமே நான் பாஸ்வேர்ட மாத்திட்டேன், அவனுக்கே தெரியாது. எம்மேல சந்தேகம்னா நேரா சொல்லிடுங்க அத்த. பேஜாரா கீது."

சாயங்காலம் சாப்பாடு போட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கோபத்திலும் அளவு தப்பாதவள். அதுவும் சந்தேகம்தான்.

11-5-2016, புதன்

ஜல்தியாகக் கிளம்பி விழுப்புரம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் அனல்.

சூசைநாதன் ஈஸி சேரில், பனியனோடு.

"வா சவேரிம்மா. பதினெட்டு வருசம் கழிச்சு வந்துகீற. சண்டைக்கா, சாப்பாட்டுக்கா?"

"எந்நோட்டுல இருக்கறது டி குரூஸ் ஊட்டுக்கு எப்படிப் போச்சு?"

சிரித்தான். பல் இரண்டு புதிது. "உந்நோட்ட நான் திருடணுமா? எங்கிட்டயே பீரோ நெறைய பொல்லாப்பு கீது. மாப்புளயோட தம்பி லியோ மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில கீறான். அவன்தான் ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து பேப்பர் பேப்பரா எடுத்துக் காட்டுனானாம். அவனப் போய்க் கேளு."

காபி கொடுத்தான். குடிக்கவில்லை. பொய் சொல்லும்போது அவன் காதைத் தடவுவான். இன்று தடவவில்லை.

12-5-2016, வியாழன்

பி.யிடம் சூசைநாதன் சொன்னதைச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் திறந்தாள். யார் வந்தார்கள், எந்நேரம், என்ன தேடினார்கள் என்று அது தானாகவே எழுதி வைக்குமாம். கோயில் ஞானஸ்நானப் புத்தகம் மாதிரி. மே 4, காலை ஒன்பதேகால். தேடும் பெட்டியில் டி குரூஸ். இரண்டாவது தரமும் அதுவே. மூன்றாவது தரம் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஏதோ.

பி. தலையில் கை வைத்தாள்.

"எந்தப்பு அத்த. பாஸ்வேர்ட யாரும் திருடல. பேரக் கேக்குற எடத்துல அந்த லியோ ஒரு உத்தரவ எழுதிட்டார். நான் அத அப்படியே என் உத்தரவோட ஒட்டி உள்ள அனுப்பிகினு இருந்தேன். பேர் எது, உத்தரவு எதுன்னு அதுக்குத் தெரியல. உள்குறிப்பு எல்லாத்தயும் குடுன்னார். குடுத்துடுச்சு."

"கொக்கி போட்டா ஏன் ஒடஞ்சுது?"

"அங்கதான் பேர் முடிஞ்சிடுச்சுன்னு அது நெனச்சுக்குது. ஒடஞ்சப்ப, எந்தப் பொட்டியில இன்னா கீதுன்னு வெளிய காட்டியும் உட்டிருக்கு. அன்னிக்கே சரி பண்ணியிருக்கணும்."

புரிந்தது. முன்பெல்லாம் கோயிலில் ஓலை வாசிக்கும் உபதேசியாரிடம் துண்டுச் சீட்டு கொடுத்தால், அதில் உள்ளதை அப்படியே வாசித்துவிடுவார். எவனாவது அடியில் "கல்யாணம் நின்றது" என்று சேர்த்திருந்தால் அதையும் சேர்த்து வாசிப்பார். அதனால்தான் சாமியார் அச்சடித்த படிவம் கொண்டுவந்தார். பெயருக்குக் காலி இடம். அங்கே எதை எழுதினாலும் அது பெயர்தான்.

"அதேதான் அத்த. இனிமே கேள்விய மொதல்லயே கட்டி அனுப்பிடுவேன், காலி எடத்தோட. பின்னால வர்றது எதுவா இருந்தாலும் பேர்தான்."

ராத்திரி வரை வேலை. அவள் செய்தது, எனக்காக எழுதி வைக்கிறேன்:
தேடும் பக்கத்துக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனி வேலையாள், தனி பாஸ்வேர்டு. வாசிக்கலாம், அழிக்க முடியாது. உள்குறிப்பு இருக்கும் அறைக்கு அவனுக்குச் சாவியே இல்லை. இதுவரை எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியாம்.
கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு எழுதிய தாளை வெளி ஆள் எட்டாத இடத்துக்கு மாற்றினாள்.
உடைந்தால் இனி "மன்னிக்கவும்" மட்டும் வரும். விவரம் உள்ளே எழுதிக்கொள்ளும்.

பெட்டியில் டி குரூஸ் என்று கொக்கியோடு அடித்துக் காட்டினாள். ஆண்ட்ரு படம் வந்தது. நீளமான ரயிலையும் அடித்தாள். அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை என்றது. இன்னும் நான்கு விதமாக அடிக்கச் சொன்னேன். அதேதான்.

ராபர்ட் மேல் சந்தேகப்பட்டதற்கு பி.யிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு மீன் வாங்கித் தருகிறேன்.

13-5-2016, வெள்ளி

சங்கரா மீன் வாங்கினேன்.

பி. மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அத்த, ஓட்டைய அடைச்சாச்சு. போனது போனதுதான். ஆனா அந்தக் குறிப்பு நெசம்தானே?"

எழுந்து வந்தேன்.

இங்கே எழுதலாம். நிஜம் இல்லை. அமலிக்கு முதல் குழந்தை எட்டாம் நாள் செத்தது. நாலு மாதம் கிணற்றடியில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நானே பார்த்தேன். பிறகு எழுந்தாள். இப்போது வானூரில் மூன்று பிள்ளைகளோடு கட்டட வேலைக்குப் போகிறாள். துக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். பந்தியிலிருந்து எழுந்து வந்த அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வேறு எழுதினேன். வம்சத்தில் உண்டு என்பதையும் நானே சேர்த்தேன். எழுதி முடித்ததும் பசி அடங்கியது.

பெண் பார்க்கும் நாளில் இதைக் கோடு போட்டு அடித்திருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன்.

நாளை மறுநாள் மூன்றாம் ஓலை.

14-5-2016, சனி

முதல் நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம். ரயில்வே குடியிருப்பு. மாப்பிள்ளையின் அம்மா எலிசபெத், லியோ, இருவரும் இருந்தார்கள்.

முதலில் லியோவைப் பிடித்தேன். "அடுத்தவன் ஊட்டுக் கதவு தெறந்திருந்தா உள்ள பூந்துடுவியா?"

"கதவே இல்ல ஆயா. எங்க பேர அடிச்சா ஒடையுதேன்னு பாத்தேன். எல்லாம் வந்து கொட்டுச்சு. படிச்சிருக்கக் கூடாது. படிச்சிட்டேன்."

"படிச்சதுல ஒண்ணு பொய்." நோட்டைத் திறந்து விரல் வைத்துக் காட்டினேன். அமலி கதையைச் சொன்னேன். கிணற்றடி, குழந்தை, நாலு மாதம்.

எலிசபெத் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப ஏம்மா இப்படி எழுதுனீங்க?"

"பந்தியிலேர்ந்து எழுப்பி உட்டாங்க."

"எப்ப?"

"தொண்ணுத்தி மூணுல."

ரயில் ஒன்று போனது, நீளமான கூட்ஸ். போய் முடிகிற வரை காத்திருந்தோம். எலிசபெத் எழுந்து உள்ளே போனாள். போனில் குரல் கேட்டது. "சாமி, நாளைக்கு வாசிச்சிடுங்க. ஆமா. எங்க பக்கத்துத் தப்பு."

எங்கள் பக்கத்துத் தப்பு என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது லியோ வாசல் வரை வந்தான். "ஆயா, நான் மொத்தத்தயும் படிச்சேன். எங்கிட்ட கீறத அழிச்சிடுறேன். இந்த மாதிரி இன்னும் எத்தினி?"

"இது ஒண்ணுதான்."

15-5-2016, ஞாயிறு

முகையூர் பூசை. முதல் பஸ். கடைசி பெஞ்சு. பெந்தகோஸ்தே திருநாள், சாமியாருக்குச் சிவப்பு அங்கி. மூன்றாம் ஓலை வாசித்தார்கள். ஜெனிட்டா முக்காடு போட்டிருந்தாள், முகம் தெரியவில்லை. தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

வெளியே தெரேஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்னு கண்டுபுடிச்சிட்டீங்களா அக்கா?"

சொன்னேன். முழுவதும். வடையையும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. தல குனிஞ்சே இருன்னாங்க. கழுத்து வலிச்சுப் போயி என் எலையில இன்னா வச்சாங்கன்னே எனக்குத் தெரியல. நீங்க எந்த எலையில இருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தெரேஸ் முக்காட்டைச் சரி செய்தாள்.

"அமலிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க கல்யாணத்துக்கு வராதீங்க."

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

16-5-2016, திங்கள்

ஓட்டுப் போட்டேன். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இடம் விட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

பி. கேட்டாள், "உள்குறிப்பெல்லாம் கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிடட்டுமா அத்த?"

கொஞ்சம் பொறு என்றேன். நிஜமும் இருக்கிறது அதில். அடிக்கிற மாப்பிள்ளை இரண்டு பேர், ஏற்கெனவே கல்யாணமானவன் ஒருவன். அதை அழித்தால் ஒரு பெண் போய் விழுவாள். எது எது என்று பார்த்துச் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் தப்பாது.

முதல் நோட்டைப் பார்த்து முடித்தேன். அதில் மற்றவை சரி.

இரண்டாம் நோட்டு. நாலாம் பக்கம், செஞ்சி ரோடு ஞானம்மா மகள். "நடத்தை சரியில்லை." இந்த ஞானம்மாதான் குழாயடியில் என் குடத்தை உதைத்தவள். அந்தப் பெண்ணிடம் தப்பாக நான் எதையும் பார்த்ததில்லை. குடத்துக்காக எழுதியது.

இதுவும்.

பதினோராம் பக்கம். இதுவும்.