மீனை விட்ட மாதம்

நைனா,

மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கீழே யாரோ சங்கரா மீன் வறுக்கிறார்கள். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீனை விட்டவன் நீ. குப்பத்தில் பிறந்து, கட்டுமரத்தில் வளர்ந்து, ஐம்பது வயதில்.

நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இதயக் குழாயில் ஒரு மருந்தைச் செலுத்தி, அடைப்பைப் படமெடுப்பார்கள். அதே மாதிரி மருந்தைத்தான் முன்பு உன் சிறுநீரகக் கல்லுக்குப் படமெடுத்தபோது ஏற்றினார்கள். உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. தொண்டை அடைத்தது. "கடல்ல முங்கினப்பகூட இப்டி மூச்சு முட்டல நைனா" என்றாய். நம் குப்பத்தில் அப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் நைனாதான்.

டாக்டரின் இடுப்பில் பேஜர் அலறியது. அணைத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க. முந்தின நாள்லேருந்தே மாத்திரை குடுப்போம். மருந்தையும் மாத்திப் போடுவோம். பக்கத்துலயே நிப்போம்."

தலையாட்டினாய். வெளியே, நர்ஸ் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: மீன், இறால் எதுவும் ஒத்துக்கொள்ளாதா?

அதைப் பிடித்துக்கொண்டாய். "பாத்தியா, மீனுதான். ரத்தத்துல ஊறிக்கினு கீது. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு வர்றேன். அப்பால போடச் சொல்லு."

டாக்டரிடம் ஓடினேன். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தள்ளிப் போடாதீர்கள் என்றார். உன்னிடம் சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன்.

"காலேஜ்ல அத்த சொல்லிக் குடுத்தாங்களா? மூச்சு நின்னுது உனுக்கா, எனுக்கா?"

அம்மா உனக்குத் தனியாக ரசம் வைத்தாள். "நம்ம ஊடு மயிலாப்பூர் மெஸ்ஸாயிடுச்சு" என்றாள். நீ சிரிக்கவில்லை. பயம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாய்.

மாதம் முடியவில்லை. ஒரு காலை, மணலில் உட்கார்ந்தவன் எழவில்லை. ஆட்டோவில் என்மேல் சாய்ந்திருந்தாய். என் சட்டையெல்லாம் உன் வேர்வை.

"இப்பவே போடச் சொல்லுடா. மூச்சு அடச்சா அடைக்கட்டும். போடச் சொல்லு."

"சொல்றேன் நைனா."

அடையாறு பாலத்தில் நெரிசல். ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலம் முடிவதற்குள் நீ கேட்பதை நிறுத்தியிருந்தாய்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்களிடம் சொன்னேன். போடுங்கள், அவர் சரி என்றுவிட்டார். ஒருவர் உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பவும் சொன்னேன், அவர் சரி என்றுவிட்டார்.

இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.