பென்சிலில் எழுதிய கடைசி அத்தியாயம்

இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் வீட்டுக்காரரின் பழைய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டை வெளியே எடுத்தேன். அதன் மடிப்புக்குள்தான் உன் ஐந்து தாள்களை வைத்திருந்தேன். அந்துருண்டை வாசனை. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. முடியாமல் போயிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன்.

நேற்று உன் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து புரூஃபோடு வந்தார். உன் முதல் வருஷத் திதிக்குள் தொடர்கதையைப் புத்தகமாக்கிவிட வேண்டும் என்று அலைகிறார். "அவ கையெழுத்து எனக்கே புரியாதும்மா. நீங்க எழுதுன பிரதியத்தான் குடுத்தேன். கடைசி அத்தியாயம் இது. பாத்து வைங்க, நாளைக்குச் சாயங்காலம் வாரேன்" என்றார். அந்தக் கடைசி அத்தியாயம் உன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெரியாது.

நம் கையெழுத்துப் பத்திரிகை மாதத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். நீ கிறுக்கித் தருவாய், நான் மையில் படி எடுப்பேன். அது தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வரும்போது பின்பக்க வெற்றுத் தாள்களில் வாசகர் சண்டை நிரம்பியிருக்கும். உன் கதையில் நம் மலைக்கோட்டை முற்றுகையில் இருந்தது. பொற்கொடியை இருவர் விரும்பினார்கள். தளபதி மாறவேல், வீரர்களின் பங்கிலிருந்து எடுத்து அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் அனுப்பினான். சுனையைக் காத்த கதிரன், ஊருக்கெல்லாம் அளந்த அதே ஒரு செம்பைத்தான் அவளுக்கும் அளந்தான்.

ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. "தளபதிக்கு மீசை அம்புட்டும் அழகுதான். தண்ணிக்கு யார்கிட்டப் போறது?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருத்தி: "ஒரு செம்புத் தண்ணில எப்படிடி சோறு, வெஞ்சனம் வைக்கிறது? கதிரன் வந்து வச்சுக் காட்டட்டும்." குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதை நீ உரக்க வாசித்தாய். சிரித்ததில் நம் முறையைத் தவறவிட்டோம்.

அப்போதுதான் சீனப் போர் வந்தது. இவர் எல்லைக்குப் போய் ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. நீ கடைசி அத்தியாயத்தைக் கொடுத்தாய். உதவிப் படை திரட்டத் தளபதி கோட்டையை விட்டு வெளியேறுகிறான். அவன் திரும்புவதற்கு முன்பே பொற்கொடி கதிரனுக்கு மாலையிடுகிறாள். போருக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கவில்லை என்பதை என் கையால் எழுத முடியவில்லை. காத்திருந்தாள், அவன் வந்தான், மாலையிட்டாள் என்று நானே எழுதி, உன்னிடம் கேட்காமல் பத்திரிகையைச் சுற்றுக்கு விட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்கு அது வந்த அன்றே நீ என் வாசலில் நின்றாய். கத்துவாய் என்று பயந்தேன். "கோட்டைக்கு உள்ளயே இருந்தவனப் பத்தித்தான்டி நான் ஒரு வருசமா எழுதினேன்" என்றாய். பிறகு, "சரி விடு. அவரு நல்லபடியா வரட்டும். வந்தப்பறம் என் கதைய எனக்குத் திருப்பிக் குடுத்துரு."

இவர் வந்தார், பனியில் இரண்டு கால்விரல்களை இழந்து. என் முடிவைப் படித்துவிட்டு, "நான் அங்க கெடந்தப்ப நீ இதத்தான் எழுதிக்கிட்டு இருந்தியா?" என்றார். படி எடுத்ததைத்தான் சொன்னார்; அந்த முடிவே என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொல்லிக்காட்டுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? நீயும் மறுபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "குழாயில தண்ணி வந்துச்சாடி?" என்றுதான் கேட்டாய்.

நேற்றிலிருந்து பேனாவோடு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தேனோ தெரியாது. கூடத்தில் இவர், "புஸ்தகம் வந்ததும் மொதப் பிரதி எனக்குத்தான்" என்கிறார். படித்ததும், பொற்கொடி ஏன் காத்திருக்கவில்லை என்று என்னைத்தான் கேட்பார். அது அவள் கதை, காத்திருந்தது நான் என்று சொல்ல வேண்டும்.

உன் ஐந்து தாள்களையும் ஒரு சொல் மாற்றாமல் இப்போதுதான் படி எடுத்து முடித்தேன். புரூஃபில் என் பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டேன். சாயங்காலம் உன் வீட்டுக்காரரிடம் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.