மேலே சேர்த்த வரியும் தேவானையின் வெள்ளைத்தாளும்

அனுப்புநர்
ம. மணிமொழி,
கணக்குப் பிரிவு, நவதாரா எக்ஸ்போர்ட்ஸ்,
தியாகராய நகர், சென்னை-17.

பெறுநர்
உதவி ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் துறை, சென்னை.

பொருள்: உடன் வேலை பார்த்த க. தேவானையிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, செய்யாத குற்றத்தைச் சுமத்தி வேலைநீக்கம் செய்தது – விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேவானை ஊரூர் ஒல்காட் குப்பத்தைச் சேர்ந்தவர். அலுவலகத்துக்கு வரும் இ-மெயில்களை அச்செடுத்து முதலாளி திரு. கல்யாணராமன் மேசையில் வைப்பது அவர் வேலை.

2. எங்களிடம் சட்டை வாங்கும் ஜெர்மன் வியாபாரி இவ்வாண்டு முதல் கணினிக் கையெழுத்து இட்டுக் கடிதம் அனுப்புகிறார். அது பேனாவால் போடுவதல்ல. கடிதம் முழுவதற்கும் போட்ட பூட்டு. வழியில் ஓர் எழுத்து கூடினாலும், இ-மெயில் திறக்கும் புரோகிராம் 'கையெழுத்துக்குப் பின் மாற்றப்பட்டது' என்று சிவப்பில் எச்சரிக்கும். யார் மாற்றியது, எதை மாற்றியது என்று சொல்லாது.

3. முதலாளி பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்கமாட்டார். வருகிற, போகிற எல்லா இ-மெயிலின் தலையிலும் 'ஸ்ரீ கணேசாய நமஹ' என்ற வரி தானாக விழும்படி ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். எச்சரிக்கைக்குக் காரணம் அந்த வரிதான்.

4. ஆகஸ்டில், பாதிச் சட்டை போதும் என்று ஜெர்மன்காரர் எழுதினார். சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்த முதலாளி கடிதம் போலி என்று ஒதுக்கி, முழுவதையும் தைக்கச் சொன்னார். ஒரு போன் செய்துகூடக் கேட்கவில்லை. ஜெர்மன்காரர் எடுக்காத மீதிச் சட்டைகள் கிடங்கில் கிடக்கின்றன. பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. "குப்பத்துப் பொண்ணைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர்ல உக்காத்தி வெச்சேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும்" என்று எல்லோர் முன்னும் சொன்னார். "வந்தத அப்டியே எடுத்துக் குடுத்தேன் சார், நான் இன்னா பண்ணேன்?" என்று தேவானை கேட்டார்.

5. முதலாளியும் மேலாளரும் போலீசுக்குப் போவோம் என்று மிரட்டி, வெள்ளைத்தாளின் அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அதன் மேலே, 'கடிதத்தைத் திருத்தியது நானே' என்று டைப் அடித்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அப்படியும் விடவில்லை. அந்தத் தாளோடு இப்போது புகார் கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை தேவானை காவல் நிலையத்தில் நிற்க வேண்டும்.

6. அவரை வேலையிலிருந்து நீக்கி ஒரு மாதமாகிறது. நேற்று வந்த ஜெர்மன் கடிதத்திலும் அதே எச்சரிக்கை. இப்போது திருத்துவது யார், ஐயா? அக்கடிதத்தையே பாண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பும்படி ஜெர்மன்காரரிடமே கேட்டு வாங்கித் திறந்தேன். சாமி வரி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இதை மேலாளரிடம் சொன்னேன். "உனக்கும் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும்மா" என்றார்.

7. தாங்கள் நேரில் வந்து அந்த வரியை நிறுத்தச் சொல்லி, ஜெர்மன் கடிதம் ஒன்றைத் தங்கள் முன் திறக்கவைக்க வேண்டும். அந்தத் தாளைக் கைப்பற்ற வேண்டும். கடிதத்தில் ஒரு வரி கூடியதற்குக் கணினி எச்சரித்தது. தேவானையின் கையெழுத்துக்கு மேல் ஒரு பக்கமே கூடியிருக்கிறது. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு வந்து பயனில்லை.

இடம்: சென்னை-17
நாள்: 12.11.1999

கடைசி வரியை ஒட்டியே கையெழுத்திட்டிருக்கிறேன். நடுவில் எழுத இடமில்லை.
ம. மணிமொழி