கொலோனில் அவர்கள் திரும்பி நின்ற நாள்

நேற்று மகள் டோர்ட்மண்டிலிருந்து வரும்போது ஒரு தேயிலைப் பொட்டலம் கொண்டுவந்தாள். வறுத்த அரிசி கலந்த யப்பான் தேயிலை. "அம்மா, இது உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கொதிதண்ணீரை ஊற்றினாள். ஆவி எழும்பியதும் யன்னலைத் திறக்கிற சாட்டில் நான் அப்பால் போய்விட்டேன். நீங்கள் கண்ணை மூடியபிறகு வருகிற இரண்டாவது மாரி இது. உங்கள் உடுப்புகளில் இருந்த மணமெல்லாம் போய்விட்டது. இந்த மணம் மட்டும் ஹம் நகரத்து அகதி விடுதியின் குசினியிலிருந்து நேரே எழும்பி வந்ததுபோல் இருந்தது.

எண்பத்தைந்தில் நாங்கள் ஜேர்மனிக்கு வந்து அந்த விடுதியில் சேர்ந்தோம். பழைய பள்ளிக்கூடக் கட்டடம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறையின் பாதி. மற்றப் பாதிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் இரும்பு அலுமாரி. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. கிழமைக்கொரு பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் தருவார்கள். அதில் வரும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து, தாச்சியில் பொன்னிறமாக வறுத்து, தேயிலைச் சாயத்தோடு சேர்த்து ஊறவைப்பீர்கள். "சோத்துக்கே அரிசி காணாமல் கிடக்கு, மாஸ்டர் தேத்தண்ணிக்கு வறுக்கிறார்" என்று பக்கத்து அறை அக்கா எனக்குக் கேட்கும்படியே சொல்லுவா. எனக்கு முகம் சுருங்கிப்போகும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. "அக்கா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோவன்" என்று கோப்பையை நீட்டுவீர்கள்.

விடுதி முழுவதும் உங்களுக்கு யப்பான் மாஸ்டர் என்று பெயர். யப்பானின் கடற்கரைச் சிறுநகரம் ஒன்றில் மூன்று வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர் நீங்கள். என்னைக் கலியாணம் செய்ய ஊருக்கு வந்த இடத்தில் எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்துவிட்டது. உங்கள் இடத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஆளை எடுத்துவிட்டது. திரும்ப அங்கே போக வழியில்லையா என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது: "யப்பான் விருந்தாளியை எடுக்கும். அகதியை எடுக்காது."

ஆனாலும் குசினியில் ஆள் சேர்ந்தால் யப்பான் கதை தொடங்கிவிடும். அங்கே காலையில் சைக்கிளில் பள்ளிக்குப் போனது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் அளவான செருப்பு உங்கள் காலுக்கு மட்டும் அளவில்லாமல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தது. பொதுக் குளியலறைக்கு முதல்நாள் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தது. பிள்ளைகள் வீட்டு மரத்துப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி ஊர் பார்க்கப் போனது. மான்கள் தெருவில் திரியும் நாரா என்ற ஊரில் மான் ஒன்று உங்கள் கோட்டுப் பையிலிருந்த ரயில் டிக்கெட்டைத் தின்றுவிட்ட கதைக்குச் சனம் ஒவ்வொரு தடவையும் சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். இந்த நிலைமையில் இருந்துகொண்டு இப்படிப் பழம்பெருமை பேசுகிறாரே என்று அலுமாரிக்கு இந்தப் பக்கம் கூசிப்போய் இருப்பேன்.

அடுத்த வைகாசியில் கொலோன் போகவேண்டும் என்று தொடங்கினீர்கள். விடுதிக்குப் பக்கத்திலிருந்த நூலகத்தில் அந்தப் பெரிய தேவாலயத்தைப் பற்றி இருந்ததையெல்லாம், தெரிந்த கொஞ்ச ஜேர்மனை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்திருந்தீர்கள். எங்களுக்கு நகர எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் காரணம் சொல்லிக் கடிதம் எடுக்கவேண்டும். ஊர் பார்ப்பதற்கு யார் கடிதம் தருவார்கள்?

"பொலிஸ் மறிச்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"கோயில் பாக்கப் போறவனை ஏன் மறிக்கிறாங்கள்? ஒரு நாட்டிலை வந்து இருந்துபோட்டு அதைச் சுத்திப் பாக்காமல் கிடக்கிறது மரியாதை இல்லை. நீர் வெளிக்கிடும்."

யப்பானில் தைத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டீர்கள். நான் அக்காவிடம் இரவல் வாங்கிய குளிர்கோட்டுக்குக் கீழே கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டினேன். ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்தால் தேவாலயம் முன்னாலேயே நிற்கிறது. கறுத்த மலை ஒன்றைச் செதுக்கி நிமிர்த்தி வைத்ததுபோல. உச்சியைப் பார்க்க நீங்கள் பின்னுக்குப் பின்னுக்குப் போய், புறாத் தீவனம் விற்கும் ஒருவரின் தட்டில் முட்டிக்கொண்டீர்கள். அன்றைக்குத்தான் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

படிக்கட்டில் ஒரு வயதான யப்பான் அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு காலைப் பிடித்துக்கொண்டு இருந்தா. அவவோடு வந்த கூட்டம் சற்றுத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டு நின்றது. நீங்கள் கிட்டப் போய்க் குனிந்து ஏதோ கேட்டீர்கள். அந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கொஞ்ச நேரத்தில் முழுக் கூட்டமும் உங்களைச் சுற்றி நின்றது. யப்பான் பாஷை பேசும் கறுத்த மனிதரை அவர்கள் அதுவரை கண்டிருக்கமாட்டார்கள். கோபுரத்தைக் காட்டி நீங்கள் விளக்கம் சொல்ல, எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்து ஒன்றாகத் தாழ்ந்தது. "சென்செய், சென்செய்" என்றார்கள். ஆசிரியரை அவர்கள் கூப்பிடும் முறை அது என்று எனக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் கலியாணப் படத்தில்கூட உங்கள் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த அம்மா ஏதோ கேட்டா. நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு பதில் சொன்னீர்கள். எல்லாரும் மதிப்போடு தலையாட்டினார்கள். எங்கள் இரண்டு பேரையும் நடுவில் விட்டுப் படம் எடுத்தார்கள்.

படம் எடுத்து முடிய முன்னமே இரண்டு பொலிஸ்காரர் எங்களை நோக்கி நடந்து வருவதைக் கண்டேன். அந்தப் பெரிய முற்றத்தில் எத்தனையோ சனம் நின்றது. அவர்கள் வேறெவரையும் பார்க்கவில்லை.

"அவுஸ்வைஸ், பிற்ற."

அடையாளப் பத்திரம் என்றால் எங்களிடம் இருந்தது நாலாய் மடித்த ஒரு தாள்தான். கோட்டின் உட்பையிலிருந்து அதை எடுத்தீர்கள். பொலிஸ்காரரில் இளையவர் அதை விரித்து, "ஹம்" என்று சத்தமாக வாசித்தார். "ஹம்மில் இருக்கவேண்டியவர் இங்கே என்ன செய்கிறீர்?" நீங்கள் தேவாலயத்தைக் காட்டினீர்கள். அவர் சிரிக்கவில்லை. உங்கள் கோட்டுப் பைகளை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். கைக்குட்டை, சீப்பு, நாங்கள் சாப்பிடக் கொண்டுபோன பாண் துண்டு. ஒவ்வொன்றாகப் படியில் வைத்தீர்கள்.

நான் யப்பான்காரரைப் பார்த்தேன். அவர்களுக்கு ஜேர்மன் விளங்காது. ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் அந்த வயதான அம்மா திரும்பினா, பிறகு மற்றவர்கள். எல்லாரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே பார்த்து முடித்த கோபுரத்தைத் திரும்பவும் அண்ணாந்து பார்த்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். இரவல் கோட்டின் பொத்தானைத் திருகத் திருக, அது கையோடு வந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பதிந்தார்கள். தண்டம் கட்டவேண்டும், விண்ணப்பக் கோப்பிலும் இது ஏறும் என்று சொல்லி, திரும்பிப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நான்தான் தொடங்கினேன். "உங்கடை யப்பான்காரர் நல்ல ஆக்கள். சென்செய் எண்டு சொன்ன வாய் காயமுன்னம் முதுகைக் காட்டிப்போட்டினம்."

"இல்லை. நீர் பிழையா விளங்கிக்கொண்டீர்" என்றீர்கள். "நான் குறுகி நிக்கிறதைப் பாக்கக்கூடாதெண்டுதான் திரும்பினவை. அது அவையளின்ரை மரியாதை."

"சும்மா சொல்லாதேங்கோ."

அப்போதுதான் குசினியில் ஒருநாளும் சொல்லாத யப்பானை எனக்குச் சொன்னீர்கள். வெளிநாட்டுக்காரர் எந்நேரமும் கொண்டுதிரியவேண்டிய அட்டை அங்கேயும் இருந்தது. ஒருநாள் அதை அறையில் மறந்துவிட்டுச் சைக்கிளில் போன உங்களைப் பொலிஸ் மறித்து, தெருவோரக் காவல் அறையில் இருத்திவைத்தது. கண்ணாடிக் கதவு. மத்தியானம் முழுக்க உங்கள் மாணவர்களின் தாய்மார் கடைக்குப் போகும் வழியில் அந்தக் கதவைக் கடந்து போனார்கள். ஒருவராவது உள்ளே பார்க்கவில்லை. அடுத்தநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எழும்பி வணக்கம் சொன்னார்கள். மேசையில் வழக்கத்தைவிடக் கூடப் பழங்கள் இருந்தன. வாடகைக்கு அறை தேடியபோது உங்கள் முகத்தைக் கண்டதும் அறை இல்லாமல் போனதையும், ரயிலில் உங்களுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கத் தயங்கியதையும்கூடச் சொன்னீர்கள்.

"இதையெல்லாம் ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"பொம்பிளை பாக்க வந்த இடத்திலை இதையே சொல்லுறது?" என்று கேட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பினீர்கள். பிறகு, "பொலிஸ் மறிச்சது எனக்குப் பெரிசில்லை. அந்த அம்மா, இஞ்சை என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டவ. இஞ்சையும் படிப்பிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். அதுதான் வெக்கமாக் கிடக்கு."

நான் உங்கள் கையைப் பிடிக்க நினைத்தேன். எதிரில் ஆட்கள் இருந்தார்கள். பிடிக்கவில்லை.

அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போனபோது கொலோன் விஷயமும் வந்தது. முதல்நாளே மொழிபெயர்க்க வந்த தமிழ் அண்ணை சொல்லித்தந்திருந்தார்: "மனிசிக்குச் சுகமில்லை, டொக்டரிட்டைக் கொண்டுபோனனான் எண்டு சொல்லுங்கோ. பிரச்சினை வராது." நான் கெஞ்சினேன். வயிற்றில் மகள் இருந்தாள். நீங்கள் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, "ஊர் பாக்கப் போனனான்" என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் உங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அதை அப்படியே ஜேர்மனில் சொன்னார். வெளியே வந்தபின் உங்களோடு நான் சண்டை பிடித்தேன். "ஒரு பொய்யே இன்னும் இறங்கேல்லை. இன்னொண்டைச் சொல்ல எனக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கொலோன்தான் காரணமோ என்று எனக்குத் தெரியாது. மேன்முறையீடு செய்து, இந்த நாட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பு வர எண்பத்தொன்பதாகிவிட்டது. அதுவரை தபால்காரரைக் காணும்போதெல்லாம் நான் மனதுக்குள் உங்களைத் திட்டினேன். நீங்கள் பிறகு ஒருநாளும் படிப்பிக்கவில்லை. கம்பித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றீர்கள். விடுமுறை கிடைத்தால் மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டை, ஆறு, மலை என்று ஓர் இடம் விடாமல் காட்டினீர்கள். கொலோனுக்கும் திரும்பப் போனோம். ஆனால் எங்கே யப்பான்காரர் கூட்டம் வந்தாலும், சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்துவிடுவீர்கள். அவர்கள் கடந்துபோனபின்தான் நிமிர்வீர்கள். "அப்பாவுக்கு யப்பான் பாஷை உண்மையா தெரியுமோ?" என்று மகள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவர்கள் மரியாதைக்குத்தான் திரும்பினார்களா, அல்லது என்னைத் தேற்றுவதற்காக நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்க எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. கேட்கவில்லை. பதில் எதுவானாலும் தாங்கமாட்டேன் என்று பயம்.

போன கிழமை டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் நின்றேன். மேடை நிறையச் சனம். இரண்டு பொலிஸார் நேரே ஓர் ஆபிரிக்க மனிதரிடம் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார்போல மடிப்புக் குலையாத சட்டை, கையில் ஒரு பை. பையைத் திறந்து சாமானை ஒவ்வொன்றாகப் பக்கத்திலிருந்த நீள வாங்கில் வைக்கத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். நானும் திரும்பிக்கொள்ளத்தான் போனேன். நீங்கள் சொன்ன மரியாதை அதுதானே. ஆனால் எங்களுடைய முதுகுகளைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? நான் அன்றைக்கு நினைத்ததைத்தானே நினைப்பார். பார்த்துக்கொண்டு நிற்பதும் கூச்சமாக இருந்தது.

பொலிஸைக் கண்டால் என் கை தன்பாட்டில் பைக்குள் போய்விடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அன்றைக்கும் போனது. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, நானும் அதை நீட்டினேன்.

"உங்களை நாங்கள் கேட்கவில்லை" என்றாள் இருவரில் ஒருத்தியான பொலிஸ்காரி.

கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய சாமான் எல்லாம் பைக்குள் போய்ச் சேரும்வரை நான் கையை மடக்கவில்லை.