நான் தள்ளி எழுதிய தேதி

இன்று காலை ஔந்த் கிளினிக்கில் ஸ்கேனுக்குப் படுத்திருந்த பெண்ணின் வயிற்றில் ஜெல்லைத் தடவினேன். சீட்டில் பன்னிரண்டு வாரம் என்றிருந்தது. திரையில் கரு பதினொன்றுக்குத்தான் வளர்ந்திருந்தது. "தாரீக் பரோபர் ஆஹே, மேடம்," தேதி சரிதான் என்று அடித்துச் சொன்னாள். அதே கட்டிலில் படுத்துக்கொண்டு நீயும் அதையேதான் சொன்னாய்.

"ஏம் புள்ள, எனக்கா தேதி மறக்கும்?" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழி, சாகண் தொழிற்சாலையில் கார் உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற இன்ஜினியர், உனக்கா மறக்கும்! நானோ சிரித்தேன். "கரு தங்கினது ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும்டி, நிறைய பேருக்கு நடக்கறதுதான்" என்று பிரசவத் தேதியைத் தள்ளி எழுதினேன். எங்கள் வேலையில் அது கைப்பழக்கம். நீ விடவில்லை. "எங்க கம்பெனில அளவு வரலைன்னா பீஸைத்தான் சந்தேகப்படுவோம், டிராயிங்கைத் திருத்த மாட்டோம்."

"சும்மா படு, வாயாடி" என்றேன்.

கரு சிறிதாக இருப்பது மட்டுமே எதையும் சொல்லிவிடாது, வாஸ்தவம்தான். ஆனால் குரோமோசோம் பிசகிய கருக்களில் சில, முக்கியமாகப் பதினெட்டாவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பவை, அந்த ஆரம்ப வாரங்களிலேயே வளர்ச்சியில் பின்தங்கிவிடும். தாய் தேதியை உறுதியாகச் சொன்னால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். பாழாய்ப்போன நான் உன் பேச்சை நம்பவில்லை.

இருபதாவது வாரத்தில் இதயத்தில் ஓட்டையும், பிரியாமல் இறுகிக் கிடந்த விரல்களும் தெரிந்தன. அதற்குள் அது உன்னை உதைக்கத் தொடங்கியிருந்தது. கருவைக் கலைத்து எல்லாம் முடிந்தபின் உன் மகர்பட்டா வீட்டில் சுவரைப் பார்த்தபடியே கேட்டாய்: "அசையறதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குமா, புள்ள?"

"சத்தியமா தெரிஞ்சிருக்காதுடி" என்றேன்.

"அப்ப உன்மேல தப்பில்ல. அழாத" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாய்.

அதன்பின் இரண்டு வருடம் இருந்தாய். எத்தனையோ முறை சொல்ல வந்து விழுங்கினேன். போன மழைக்காலத்தில் சாகண் சாலையில் லாரி மோதி நீ போய்விட்டாய்.

இன்று அந்தப் பெண்ணின் தேதியை நான் தொடவில்லை. கரு சிறிதாக இருக்கிறது, ஏன் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி ரத்தச் சோதனைக்கு அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள்.

தெரிந்திருக்கும், புள்ள. நீ தந்த மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பொய் சொல்லி வாங்கியது.