பிடிக்கப் போனவள்

ஏப்ரல் 9

புத்தகம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு என் கணவர் எழுதிய சர்க்கஸ் நாவல். அட்டையில் யானை, நிலா, முத்தமிடப் போகிற இரண்டு பேர். அம்மா தடவிப் பார்த்தாள். கண்தான் மங்கிவிட்டதே. "மொதல்ல நீ படிச்சுக் காட்டு. அப்புறம் என்கூட சர்க்கஸ்ல ஆடினவரோட தங்கச்சிக்கு ஒண்ணு அனுப்பிடலாம்" என்றாள்.

ஏப்ரல் 11

எண்பது பக்கம் ஆயிற்று. அம்மா இருந்த சர்க்கஸை நூறு வருஷம் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு இளவரசனையும் நுழைத்திருக்கிறார். கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுகிறாள். "இவ எப்பத்தான் ப்ராக்டிஸ் பண்ணுவா?" என்று கேட்டாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தோம். என் கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும்.

ஏப்ரல் 14

நாளைக்கு அந்த அத்தியாயம். அம்மா காத்திருப்பது அதற்காகத்தான்.

அந்தரத்தில் பார் ஆடுகிறவள் கையை நீட்டினால் போதும். எதிரே தலைகீழாகத் தொங்குகிற கேட்சர்தான் பிடிக்க வேண்டும். அவளாகப் பிடிக்கப் போகவே கூடாது. அம்மா ஒரே ஒரு நாள் போனாள். தன்னைப் பிடிக்கிற அந்தக் கேட்சர் மேல் உயிராக இருந்தவள். அன்று காலையில் சண்டை, விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் எட்டிப் பற்றிவிட்டாள். அவரும் சேர்ந்து சரிந்தார். அம்மா வலையில் விழுந்தாள். அவர் வலைக்கு வெளியே. அங்கேயே உயிர் போய்விட்டது.

அவர் குடித்திருந்தார் என்று சர்க்கஸ் கம்பெனியில் கதை கட்டினார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவருடைய தங்கை இன்றுவரை அதைத்தான் நம்புகிறார். நாற்பது வருஷம் கழித்து என்னிடமும் என் கணவரிடமும் மட்டும் சொன்னாள். தன்னால் சொல்ல முடியாததை மாப்பிள்ளையின் புத்தகம் அந்தத் தங்கையிடம் சொல்லட்டும் என்று.

ஏப்ரல் 15

பாவி. குடிக்க வைத்துவிட்டார்.

நாவலில் அந்த மனுஷன் இளவரசன் மேல் பொறாமைப்பட்டு, முட்டக் குடித்துவிட்டு மேலே ஏறுகிறான். படித்துக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டேன். "படி" என்றாள் அம்மா. படித்தேன். ஏன் படித்தேன்? எதையாவது மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே — சட்டென்று ஒன்றும் வரவில்லையே எனக்கு. அம்மா அழவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

என் கணவரிடம் கேட்டேன். "கதாநாயகி மேல தப்பு விழுந்தா யாரு படிப்பா? அத்தையைக் காப்பாத்தத்தானே அப்படி எழுதினேன்" என்றார். அதை அவர் நம்பிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 16

அவருடன் பேசவில்லை.

ஏப்ரல் 19

அம்மா காலையிலேயே எழுந்து தலை வாரிவிடச் சொன்னாள். "அவர் தங்கச்சிக்குப் போன் போட்டுக் கொடு. நானே சொல்லிக்கிறேன்."

தங்கையின் மகன் எடுத்தான். அவன் அம்மா தவறி மூன்று மாதம் ஆகிறதாம். புத்தகம் அச்சில் இருந்த நேரம். அம்மாவிடம் சொன்னேன். போனுக்குக் கையை நீட்டினாள்.

"மகன்கிட்டயாவது சொல்றேன். கொடு."

கால் மணி நேரம் பேசினாள். எந்தக் கை, எந்தப் பக்கம் சரிந்தார், காலையில் என்ன சண்டை, எல்லாம். "உங்க மாமா குடிக்கல தம்பி. நான்தான் பிடிக்கப் போனேன்" என்று மூன்று முறை சொன்னாள். முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"பொறுமையாக் கேட்டுக்கிட்டான்ல?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே அவன் வைத்துவிட்டிருந்தான்.

"கடைசி வரைக்கும் கேட்டாம்மா" என்றேன்.